எட்டு தடவை உருட்டினால் தாயம் விழுந்தே ஆக வேண்டுமா?

மூலைக்கட்டம்:

கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது எங்கள் வீட்டு வழக்கை முடித்து வையுங்கள். தாயம் ஆடுகிறோம், பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொரு கட்டையிலும் நீளவாக்கில் நாலு பக்கம், அதில் மூன்று பக்கத்தில் 1, 2, 3 என்று புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. ஒரு கட்டையில் 1, இன்னொன்றில் வெறுமை விழுந்தால் தாயம். தாயம் போடாமல் காய் இறக்க முடியாது என்பதால் ஆட்டம் ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியும் சிலர் வெளியிலேயே உட்கார்ந்திருப்பார்கள், வழக்கும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சித்தப்பா சொல்வது: இரண்டு கட்டையும் சேர்த்து 16 விதமாக விழலாம், அதில் தாயம் 2 விதம், ஆக 1/8. இது எல்லோருக்கும் சம்மதம். அடுத்து, நாலு தடவை உருட்டினால் 4/8, அதாவது பாதிக்குப் பாதி, எட்டு தடவை உருட்டினால் 8/8, விழுந்தே தீரும் என்கிறார். எட்டைத் தாண்டியும் விழாமல் எத்தனையோ ஆட்டம் பார்த்தாச்சே என்று கேட்டால், கட்டை தேய்ந்துபோச்சு என்று கட்டையின் மேல் பழி போடுகிறார். தங்கை பதினொன்றாம் வகுப்பு. அவள் "அடுத்தடுத்து நடக்கிற நிகழ்ச்சி என்றால் பெருக்கணும், புத்தகத்திலேயே இருக்கு" என்று 1/8ஐ எட்டு தடவை பெருக்கி, கிட்டத்தட்ட 1.68 கோடியில் ஒரு வாய்ப்பு என்று காட்டினாள். வீடே சிரித்தது.

இரண்டு பேர் சொல்வதும் ஒத்துவரவில்லை என்று தெரிகிறது, எங்கே இடறுகிறது என்றுதான் சொல்லத் தெரியவில்லை. எங்கே கூட்ட வேண்டும், எங்கே பெருக்க வேண்டும்? சூத்திரம் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அது தங்கையின் புத்தகத்திலேயே இருக்கிறது.

சுண்ணாம்புக்கட்டி:

தங்கையைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். அவள் போட்ட பெருக்கல் சரியான பெருக்கல், கேள்விதான் வேறு. எட்டு தடவை உருட்டி எட்டு தடவையும் தாயமாகவே விழ என்ன வாய்ப்பு என்று கேட்டால் விடை அதுதான். வேடிக்கை என்னவென்றால் சித்தப்பாவின் 8 × 1/8 = 1 என்பதும் இன்னொரு கேள்விக்குச் சரியான விடை: எட்டு தடவை உருட்டினால் சராசரியாக எத்தனை தாயம் விழும்? சராசரியாக ஒன்று. ஆனால் சராசரி ஒன்று என்றால் ஒவ்வொரு எட்டிலும் ஒன்று கட்டாயம் என்று ஆகாது. சில எட்டில் இரண்டு விழும், சில எட்டில் மூன்று விழும். அப்படி இருந்தும் சராசரி ஒன்றிலேயே நிற்க வேண்டுமென்றால் ஒன்றுமே விழாத எட்டுகளும் இருந்தே ஆக வேண்டும் இல்லையா? சித்தப்பாவிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது எங்கே இடறுகிறது என்பதை எண்ணியே பார்த்துவிடலாம். எட்டு வேண்டாம், இரண்டே தடவை உருட்டுவோம். முதல் உருட்டு 16 விதம், இரண்டாவது 16 விதம், முதலாவதின் ஒவ்வொரு விதத்தோடும் இரண்டாவதின் 16 விதமும் சேரும், மொத்தம் 256. இங்கே பெருக்கல் எப்படி வந்தது என்று கவனியுங்கள், எந்தத் தேற்றமும் வேண்டாம், வெறும் எண்ணிக்கைதான். இதில் இரண்டு தடவையும் தாயம் விழாத விதங்கள் 14 × 14 = 196. மீதி 60 விதத்தில் ஒரு தாயமாவது இருக்கும். 60/256, சுருக்கினால் 15/64. சித்தப்பா கணக்குப்படி 2/8, அதாவது 64/256. நாலு விதம் அதிகமாக வருகிறது. அந்த நாலு எது? முதல் தடவையும் தாயம், இரண்டாம் தடவையும் தாயம், 2 × 2 = 4. அந்த நாலையும் அவர் "முதலில் விழுந்த" கணக்கிலும் சேர்த்திருக்கிறார், "இரண்டாவதில் விழுந்த" கணக்கிலும் சேர்த்திருக்கிறார். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை வருகைப்பதிவு போட்ட மாதிரி. இரண்டு உருட்டில் நாலுதான், எட்டு உருட்டுக்குப் போனால் இந்த இரட்டைப்பதிவு கன்னாபின்னாவென்று ஏறிவிடும். அதனால்தான் 8/8க்குப் போய் முட்டுகிறது, ஒன்பதாவது உருட்டுக்கு 9/8 என்று சொல்வாரா தெரியவில்லை.

எட்டு உருட்டில் இந்த இரட்டைப்பதிவை எல்லாம் கூட்டிக் கழித்துச் சரிசெய்வது பெரிய தலைவலி. அதனால் "குறைந்தது ஒன்றாவது" என்று கேள்வி வந்தாலே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்: ஒன்றுகூட விழாமல் இருக்க என்ன வாய்ப்பு? ஒரு தடவை விழாமல் இருக்க 7/8. எட்டு தடவையும் விழாமல் இருக்க 7/8ஐ எட்டு தடவை பெருக்கினால் சுமார் 0.344. ஆக எட்டு உருட்டில் ஒரு தாயமாவது விழ 65.6 சதவீதம். மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவர் எட்டு உருட்டியும் வெளியில் நிற்பது சாதாரணம், கட்டை மேல் குற்றமில்லை. நாலு உருட்டுக்கு 41.4 சதவீதம், ஐந்துக்கு 48.7, ஆறாவது உருட்டில்தான் பாதியைத் தாண்டி 55.1 ஆகிறது. பன்னிரண்டு உருட்டியும் விழாமல் போக 20 சதவீதம், இருபத்து நாலு உருட்டியும் விழாமல் போக 4 சதவீதம் இருக்கிறது. பூஜ்யம் மட்டும் ஆகவே ஆகாது.

கூட்டல் எப்போது சரி என்றால், இரண்டும் சேர்ந்து நடக்கவே முடியாத இடத்தில். ஒரே உருட்டில் தாயம் அல்லது 5 விழ என்ன வாய்ப்பு? ஒரே உருட்டு தாயமாகவும் 5ஆகவும் இருக்க முடியாது, தாராளமாகக் கூட்டலாம், 2/16 + 2/16 = 4/16. ஆனால் "இரண்டு கட்டையில் ஏதாவது ஒன்றிலாவது 1 விழ" என்று கேட்டால் 4/16 + 4/16 என்று போட முடியாது, இரண்டிலும் 1 விழுகிற ஒரு விதம் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டிருக்கிறது, அதைக் கழித்து 7/16. தங்கையின் புத்தகத்தில் உள்ள கூட்டல் தேற்றம் இந்த ஒற்றைக் கழித்தலுக்காகத்தான் அத்தனை குறியீடு போட்டுக்கொண்டு நிற்கிறது.

மூலைக்கட்டம்:

சார், 256 விதத்தை எண்ணிக் காட்டியது மண்டையில் ஏறிவிட்டது. சித்தப்பாவுக்கும் 9/8ஐக் கேட்டதும் முகம் மாறிவிட்டது, ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது புதிதாக ஒரு வாதம் கொண்டுவந்திருக்கிறார். எங்கள் வீட்டு விதிப்படி தாயம், 5, 6, 12 (இரண்டும் வெறுமை) இதில் எது விழுந்தாலும் அதே ஆள் மறுபடி உருட்டலாம், 2, 3, 4 விழுந்தால் கட்டை அடுத்த ஆளுக்குப் போகும். "நான் உருட்டைச் சொல்லவில்லை, முறையைச் சொன்னேன், ஒரு முறைக்குள்ளேயே ரெண்டு மூணு உருட்டு வரும், அப்போ நாலு முறை வந்தால் பாதிக்கு மேலேதான்" என்கிறார். இதற்கு என்ன செய்வது?

பகடைப்பித்தன்:

இதற்குத்தான் காத்திருந்தேன். சித்தப்பா தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, இந்தத் தடவை அவர் பக்கம் ஜெயிக்கிறது.

ஒரு முறை என்றால் கட்டை கைக்கு வந்து, கையை விட்டுப் போகிற வரை. முதல் உருட்டில் மூன்றில் ஒன்று நடக்கும்: தாயம் விழும் (2/16), அல்லது 5, 6, 12இல் ஒன்று விழுந்து இன்னொரு உருட்டு கிடைக்கும் (2 + 1 + 1, ஆக 4/16), அல்லது 2, 3, 4 விழுந்து கட்டை போய்விடும் (3 + 4 + 3, ஆக 10/16). நடுவில் இருக்கிறதே, அது விழுந்தால் மறுபடி ஆரம்ப இடத்துக்கே வந்துவிடுகிறோம், எதுவும் மாறவில்லை. எத்தனை தடவை 5, 6, 12 விழுந்தாலும் கடைசியில் முடிவு தாயமா, கட்டை போனதா என்கிற இரண்டில் ஒன்றுதான். ஆகவே 2க்கு எதிராக 10. ஒரு முறையில் தாயம் விழ வாய்ப்பு 2/12, அதாவது 1/6. நம்பாதவர்கள் 1/8 + 1/8 × 1/4 + 1/8 × 1/4 × 1/4 என்று போட்டுக்கொண்டே போய்க் கூட்டிப் பாருங்கள், அதுவும் 1/6க்குத்தான் போய்ச் சேரும். (சில வீடுகளில் தொடர்ந்து மூன்று தடவை ஒரே எண் விழுந்தால் தள்ளுபடி என்று விதி உண்டு, அதை நான் சேர்க்கவில்லை.)

1/6 என்றால் சாதாரண ஆறுபக்கப் பகடையில் 6 விழுகிற வாய்ப்பு. நாலு முறையில் ஒரு தாயமாவது விழ வாய்ப்பு, ஒன்றிலிருந்து 5/6இன் நாலாம் படியைக் கழித்தால் 671/1296, சுமார் 51.8 சதவீதம். இந்த 671 என்ற எண்ணைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 1654 ஜூலை 29 அன்று பாரிஸிலிருந்து பாஸ்கல் என்ற கணிதர் ஃபெர்மா என்ற இன்னொரு கணிதருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிற எண் இது. ஒரு பகடையை நாலு தடவை உருட்டி ஒரு 6 போடுகிறேன் என்று பந்தயம் கட்டினால் சாதகம் 671க்கு 625 என்று அதில் எழுதுகிறார்.

அந்தக் கடிதத்தில் செவாலியே த மெரே என்று ஒருவர் வருகிறார், முழுப்பெயர் அந்துவான் கொம்போ. அவர் வாதம் அச்சு அசல் சித்தப்பாவின் வாதம். ஒரு பகடைக்கு 6 பக்கம், 4 உருட்டு போதும். இரண்டு பகடைக்கு 36 விதம், அப்படியானால் அதே விகிதத்தில் 24 உருட்டு போதுமே, இரண்டிலும் 6 விழப் பாதிக்கு மேல் வாய்ப்பு வரவேண்டுமே? வரவில்லை. 24 உருட்டுக்கு 49.1 சதவீதம்தான், 25 உருட்டினால்தான் 50.5ஐத் தொடுகிறது. கணிதமே தனக்குத்தானே முரண்படுகிறது என்று மெரே சத்தம் போட்டாராம். பாஸ்கல் அதைக் கொஞ்சம் கிண்டலாகவே எழுதுகிறார், மனிதர் புத்திசாலி, ஆனால் கணிதர் இல்லை, அது பெரிய குறை என்று.

இந்தக் கதையை இணையத்தில் எல்லோரும் "மெரே சூதாடிப் பணத்தைத் தொலைத்தார், தோற்றபிறகு பாஸ்கலிடம் ஓடினார்" என்று எழுதுவார்கள். எனக்கு அது நம்பும்படி இல்லை. 49.1க்கும் 50க்கும் உள்ள வித்தியாசத்தை மேஜையில் உட்கார்ந்து உணர ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆட வேண்டும். கடிதத்தில் இருப்பது விகிதக் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்ற புகார்தான், பணம் போன புலம்பல் இல்லை.

வெயில்நேரம்:

எல்லாம் சரி, ஆனால் ஏழு தடவை விழவில்லை என்றால் எட்டாவது தடவை விழும் வாய்ப்பு கொஞ்சமாவது கூடியிருக்கும்தானே? 65 சதவீதம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

சுண்ணாம்புக்கட்டி:

கூடாது. 65.6 என்பது ஆரம்பிக்கும் முன் எட்டையும் சேர்த்துப் பார்க்கிற கணக்கு. ஏழு போய்விட்ட பிறகு மீதி ஒரு உருட்டு, அதற்கு 1/8. கட்டைக்கு முன்னால் என்ன விழுந்தது என்று தெரியாது. 7/8ஐ எட்டு தடவை பெருக்கலாம் என்று நாம் தைரியமாகப் பெருக்கியதே அதனால்தான், ஒவ்வொரு உருட்டும் மற்றதைச் சாராதது. எட்டாவதில் வாய்ப்பு கூடும் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பெருக்கலே செல்லாது.

நடுப்பக்கம்:

சார் கடைசியில் சொன்ன அந்த "சாராதது" என்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும், பள்ளிக்கூடக் கணக்கில் அதைச் சும்மா ஒரு நிபந்தனையாகப் படித்துவிட்டுத் தாண்டிவிடுகிறோம்.

சீட்டுக்கட்டில் இரண்டு சீட்டு எடுத்து இரண்டும் ஏஸாக இருக்க வாய்ப்பு? முதல் சீட்டைத் திரும்ப வைத்துக் குலுக்கி எடுத்தால் 4/52 × 4/52 = 1/169. வைக்காமல் எடுத்தால் 4/52 × 3/51 = 1/221. இரண்டிலும் பெருக்கல்தான், ஆனால் இரண்டாவதில் பெருக்கப்படும் எண் முதல் சீட்டைப் பார்த்துவிட்டு வந்த எண். பெருக்கல் எப்போதும் உண்டு. எதைப் பெருக்குவது என்பதில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

இதில் விழுந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையே போன வழக்கு இங்கிலாந்தில் உண்டு. சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு கைக்குழந்தைகள் 1996இலும் 1998இலும் இறந்தன. அவரே கொன்றார் என்று வழக்கு. குழந்தைகள் நல மருத்துவரான ராய் மெடோ நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்: அந்த மாதிரி வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை தொட்டிலில் திடீரென்று காரணம் தெரியாமல் இறக்க வாய்ப்பு 8543இல் ஒன்று, ஆக இரண்டு குழந்தைகள் இறக்க 8543 × 8543, கிட்டத்தட்ட 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. 1999இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

அந்தப் பெருக்கலைச் செய்ய என்ன உரிமை? இரண்டு குழந்தைக்கும் ஒரே பெற்றோர், ஒரே மரபணு வழி, ஒரே வீடு. முதல் குழந்தை அப்படி இறந்த வீட்டில் இரண்டாவது குழந்தைக்கும் அதே ஆபத்து கூடுதலாக இருக்கலாம், தாயக்கட்டை மாதிரி முன்னே நடந்ததை மறந்துவிடுகிற விஷயம் இல்லை இது. ராயல் புள்ளியியல் சங்கம் 2001 அக்டோபரில் இந்தக் கணக்குக்குப் புள்ளியியல் அடிப்படையே இல்லை என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. இன்னொரு ஓட்டையும் உண்டு, எனக்கு அதுதான் இன்னும் பயமானது. அந்த எண் சரி என்றே வைத்துக்கொண்டாலும் அது அவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு ஆகாது. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அரிது. இரண்டு அரிதான விஷயங்களில் எது அதிக அரிது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் ஜூரிக்குக் காட்டினார்கள். 2003 ஜனவரியில் இரண்டாவது மேல்முறையீட்டில் விடுதலையானார். இரண்டாவது குழந்தையின் நுண்ணுயிர்ப் பரிசோதனை முடிவுகள் சாலி கிளார்க் தரப்புக்குத் தரப்படவில்லை என்பது முக்கியக் காரணம், இந்தக் கணக்கையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். 2007இல் இறந்துபோனார்.

தங்கைக்கு இதைச் சொல்லுங்கள். தேர்வில் "சார்பிலா நிகழ்ச்சிகள் எனில்" என்று வினாத்தாளே கொடுத்துவிடும். வெளியில் அதை யாரும் கொடுக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

புளியங்கொட்டை:

நடுப்பக்கம் சொன்னதைப் படித்துவிட்டு விளையாட்டுக்குத் திரும்பவே ஒரு மாதிரி இருக்கிறது, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். எங்கள் ஊரில் பித்தளைக் கட்டை கிடையாது, நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுவோம். ஒரு வெள்ளை மட்டும் மேலே இருந்தால் தாயம். இதற்கும் 16 விதம்தானே, அதில் 4, ஆக 1/4?

பகடைப்பித்தன்:

16 விதம் உண்மை, ஆனால் 16க்கும் சம வாய்ப்பு என்று யார் சொன்னது? பித்தளைக் கட்டை நாலு பக்கமும் ஒரே மாதிரி, அதனால் எண்ணினால் போதும். கொட்டை அப்படி இல்லை, தேய்த்த பக்கம் தட்டை, மற்ற பக்கம் உருண்டை, அழுத்தித் தேய்த்தால் குணம் மாறும். வெள்ளை மேலே விழ ஒரு கொட்டைக்கு வாய்ப்பு 0.5 என்றால் உங்கள் 1/4 சரி. 0.4 என்று வையுங்கள்: முதல் கொட்டை வெள்ளை, மீதி மூன்றும் கறுப்பு என்பதற்கு 0.4 × 0.6 × 0.6 × 0.6 = 0.0864. வெள்ளை விழும் கொட்டை நாலில் எதுவாகவும் இருக்கலாம், இந்த நாலு விதமும் சேர்ந்து நடக்க முடியாதவை, அதனால் கூட்டலாம், 34.6 சதவீதம். 0.6 என்றால் அதே வழியில் 15.4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மூலைக்கட்டம் கேட்ட கேள்விக்கு இதுவே நல்ல உதாரணம், ஒரு விதத்துக்குள்ளே பெருக்கல், விதங்களுக்கு இடையே கூட்டல்.

எல்லோரும் அதே நாலு கொட்டையைத்தான் உருட்டப் போகிறார்கள் என்பதால் யாருக்கும் அநியாயம் இல்லை, ஆட்டம் சீக்கிரம் சூடு பிடிக்குமா இழுக்குமா என்பதுதான் மாறும்.

புளியங்கொட்டை:

அப்போ எங்கள் கொட்டைக்கு அந்த எண் என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுண்ணாம்புக்கட்டி:

உருட்டி எண்ணித்தான். ஆனால் ஒரு கொட்டையை நூறு தடவை உருட்டிவிட்டு முடிவு கட்டாதீர்கள், நூறில் பத்து சதவீதம் அப்படி இப்படி ஆடுவது சகஜம், 0.4ஆ 0.5ஆ என்று பிரித்துச் சொல்ல அது போதாது. நானூறு ஆனால் ஆட்டம் ஐந்து சதவீதத்துக்குள் வந்துவிடும். நாலு கொட்டையும் ஒரே அளவு, ஒரே தேய்ப்பு என்று தோன்றினால் நாலையும் சேர்த்தே நூறு தடவை உருட்டி வெள்ளைகளை எண்ணிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் குண்டாக இருந்தால் அதைத் தனியாக எண்ணுங்கள்.